தாளிப்புச் சத்தம் கேட்காத காம்பரா

டாக்டர் செல்லசாமி நாடு முழுவதற்கும் பெரியம்மைத் தடுப்புத் தலைவராக உயர்ந்த பிறகு, "மனுசன் மோப்பம் பிடித்தே நோயைக் கண்டுபிடிப்பார்" என்று கொழும்பில் எல்லாரும் மெச்சினார்கள். பிடித்தார்தான், இல்லையென்று யார் சொன்னது? யார் வீட்டில் பிடித்தார் என்றுதான் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஐம்பதுகளின் தொடக்கம். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்து, டாக்டராகவே ஹட்டனுக்குத் திரும்பியிருந்தார். அங்கே பெரியம்மையோடு ஒரு துணி வியாபாரி பிடிபட்டான். விசாரித்தால், இரண்டு வாரத்துக்கு முன் இவர் பிறந்த அதே லயத்தில் காய்ச்சலோடு படுத்துக் கிடந்தவனாம். மறுநாள் அந்தத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா. நோர்வூட்டிலிருந்துகூடச் சனம் வந்து குவியும். ஒளித்து வைத்த நோயாளி ஒரே ஒருவர் இருந்தாலும் போதும், நோய் தோட்டம் தோட்டமாகப் போய்விடும்.

போய், காம்பரா என்று சொல்லும் ஒற்றையறை வீடு ஒவ்வொன்றிலும் கேட்டார். "அப்படி ஒண்ணும் இல்லீங்க ஐயா" என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வாசலில் வேப்பிலை ஒரு கொத்துகூட இல்லை. ஆஸ்பத்திரி வண்டியில் ஏறியவர்கள் திரும்பி வருவதில்லை என்ற பயம். அது வெறும் புரளியுமில்லை.

சொந்த அக்கா ராக்காயியும் வாசலை மறித்து நின்றாள். "வீடு மெழுகிக்கிட்டு இருக்கேன் தம்பி, பெறகு வா."

"பொன்னழகு எங்கக்கா?"

"புள்ள தூங்குறா."

பொழுது சாய்ந்து, கொழுந்தெடுத்த பெண்கள் மலையிலிருந்து இறங்கினார்கள். அடுப்புகள் எரிந்தன. செல்லசாமி லயத்துச் சாக்கடைக் கான் ஓரமாக மெல்ல நடந்தார். அம்மா இறங்கிய வீட்டில், அதாவது அம்மை கண்ட வீட்டில், தாளிக்க மாட்டார்கள். எண்ணெய் காயாது, மிளகாய் வெடிக்காது. அரசாங்கத்தை ஏய்க்கலாம், ஆத்தாளை ஏய்க்க எந்தத் தாய்க்குத் துணிச்சல் வரும்? காம்பராவுக்குக் காம்பரா கடுகு வெடித்தது, கருவாடு மணந்தது. ஒரு காம்பராவில் மட்டும் சத்தமுமில்லை, வாசனையுமில்லை. அதன் வாசலில் அவர் கால் நின்றுவிட்டது.

ராக்காயியைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே போனார். வாழையிலையில் கிடந்தாள் பொன்னழகு, உடம்பெல்லாம் முத்து.

"எம்புள்ளைய நீயே புடிச்சுக் குடுக்குறியாடா, பாவி!"

வண்டி வந்தது. ராக்காயி ஓடிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்னையும் ஏத்து. அம்மப்பாலு குத்தணுமா, ரெண்டு கையிலயும் குத்து. புள்ள தனியாக் கெடந்ததே இல்லடா!"

நோயாளியோடு வேறு எவரையும் ஏற்றக்கூடாது என்பது சட்டம். சட்டப்படியே நடந்தார் செல்லசாமி. அக்காவின் விரல்களைக் கதவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

திருவிழா நின்றது. லயம் முழுக்க அம்மைப்பால் தடுப்பூசி குத்தினார்கள். வேறு எவருக்கும் நோய் வரவில்லை. அடேயப்பா, என்ன பாராட்டு, என்ன பதவி உயர்வு! பொன்னழகு மட்டும் ஆஸ்பத்திரியில், அம்மா அம்மா என்று அரற்றியே செத்துப் போனாள்.

அறுபதுகளில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் போட்ட முதல் உத்தரவு, அம்மைப்பால் குத்திக்கொண்ட தாய் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் தங்கலாம் என்பது. பெரிய டாக்டர்கள் குதியாய்க் குதித்தார்கள். "அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள், நான் போகிறேன்" என்றார். உத்தரவு நிலைத்தது. பிள்ளைகளை ஒளிப்பதும் மெல்லக் குறைந்தது.

அதை அக்காவிடம் சொல்லத் தானே மஸ்கெலியாவுக்குப் போனார். ராக்காயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"இந்தச் சட்டத்துக்கு என்ன செலவாச்சு தம்பி?"

"செலவு ஒண்ணுமில்லக்கா. ஒரு கையெழுத்துதான்."

"அப்ப அன்னைக்கே என்னைய வண்டியில ஏத்தியிருக்கலாமுல்ல?"

செல்லசாமி அவள் விரல்களைப் பார்த்தார்.

"ஏத்தியிருக்கலாம்க்கா."