காயாத கதவுகள்

அந்தப் படத்தில் ஒரு தெரு. தெரு நெடுக வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரு கதவு, கதவுக்குக் கதவு ஒரு நிறம். பார்த்தால் கண் கூசும். அதை வரைந்தவள் இப்போது இல்லை.

பெயின்ட் கடையில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். நிறம் கலக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றபடி நாள் முழுக்க ஓயாமல் பேசுவாள். பக்கத்தில் பில் போடுகிறவளோ, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள். அவளுக்கு ரேடியோ வைத்த பெயர் 'ஊமைக்கோட்டான்'. இரண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போனதோ, நகமும் சதையுமாக இருந்தார்கள்.

கேட்ட நிறம் ஒன்று, வந்த நிறம் ஒன்று என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த டின்கள் பின்னறையில் குவிந்து கிடக்கும். சாப்பிட்ட கையோடு ரேடியோ அங்கே போய், ஒரு பலகையில் அந்தப் பெயின்டை அப்புவாள். ஒவ்வொரு கதவும் யாரோ வேண்டாம் என்று சொன்ன நிறம்.

"இவ்ளோ கெட்டியா அப்பினா எப்படிடீ காயும்?"

"மேல காஞ்சிடும். உள்ள ஈரமாவே இருக்கும், உன்னை மாதிரி. அடடே, நீ பேசிட்டியே! இன்னிக்கு மழைதான் போ!"

மழை வரவில்லை. காய்ச்சல் வந்தது. ஒரே வாரத்தில் ரேடியோவைக் கொண்டுபோய்விட்டது.

அவள் கணவர்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பாப்பா இதைப் பார்த்தாலே அம்மா அம்மான்னு துடிக்கிறாம்மா. நீங்க வெச்சிருங்க. வளர்ந்ததும் வந்து வாங்கிக்குவா."

ஊமைக்கோட்டான் அதைக் கூடத்தில் மாட்டினாள். "இது வீடா, பெயின்ட் கடையா?" என்று அவள் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால், கதவுகளின் தோலுக்கு அடியில் ஈரம் மெத்தென்று நெளியும். உயிர் இருப்பதுபோல. சில சாயங்காலங்களில் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். அந்த ஈரம் உள்ளவரை தன் தோழி முழுசாகப் போய்விடவில்லை என்று நம்பினாள், பாவி.

ரேடியோவின் மகள் வளர்ந்தாள். போனில் படத்தைக் கேட்டாள்.

"இன்னும் காயல கண்ணு. காஞ்சதும் சொல்றேன்."

அடுத்த வருஷமும் அதே பதில். ஆனால் ஒருநாள் விரல் அழுத்தியபோது கதவு அமுங்கவில்லை. கல். எல்லாமே கல். அன்று அவள் இரண்டாம் முறையாகத் தோழியைப் பறிகொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணே நேரில் வந்து நின்றாள். வந்தவள் நேராகப் படத்தைத் தொட்டாள்.

"பெரியம்மா, இது நல்லா காஞ்சிடுச்சே!"

ஊமைக்கோட்டான் தலை கவிழ்ந்தாள்.

"வேலைக்கு வெளியூர் போறேன். அம்மா முகம் போட்டோல இருக்கு. குரல்தான் மறந்தே போச்சு. எப்படிப் பேசுவாங்க பெரியம்மா?"

வாய் தானாகத் திறந்தது.

"இந்த மஞ்சக் கதவு ஒரு பல் டாக்டரோடதுடீ! வெள்ளை கேட்டாரு, இப்படி வந்துடுச்சு. 'வர்றவங்க பல்லும் சுவரும் ஒரே நிறமா இருக்குமேம்மா'ன்னு குதிச்சாரு. நான் சும்மா விடுவேனா? 'நல்லதுதானே டாக்டர், சுவரைப் பார்த்தே பயந்து உங்ககிட்ட வந்து உட்காருவாங்க'ன்னேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், 'நான்' என்று சொன்னது உறைத்தது. அந்த ஏற்ற இறக்கம், அந்தக் கிண்டல், எதுவும் அவளுடையதல்ல. உள்ளறையிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"யாரு வந்திருக்கா?"

கன்னங்கள் நனைய அந்தப் பெண் நின்றிருந்தாள். "அந்தப் பச்சைக் கதவு பெரியம்மா... அது யாரோடது?"

சொன்னாள். கதவு கதவாகச் சொன்னாள். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்தக் குரல் அவளை விட்டு மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்த அவளால் முடியவில்லை. கடைசிக் கதவையும் சொல்லி முடித்தாள். பிறகு பலகையைச் சுவரிலிருந்து விடுவித்தாள்.

"ஒரு பக்கம் பிடி கண்ணு. கனமா இருக்கும்," என்றாள், தன் சொந்தக் குரலில்.