அரிசி டப்பாவில் கிடந்த சாவி

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய் வந்து மூன்று வருடமாகிறது. அதை வெளியே சொல்ல எனக்குக் கூச்சம். யாராவது கேட்டால், "உடுமலையில மக ஊட்டுல இருக்கிறாருங்க" என்பேன். கடைக்குப் போகும்போது அவரை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவேன்.

போன ஐப்பசியில் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது மழை கொட்டித் தீர்த்தது. ஓடி வந்தால், சூலூரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர்கள், பூட்டைப் பார்த்து எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆனால் பூட்டு உடைந்து கிடந்தது. உள்ளே பக்கத்து வீட்டு மருமகள் மலர். இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்று அவளை உதைத்துக்கொண்டிருந்தார்.

"அப்புச்சி, சந்தைக்கு வண்டி வந்துருச்சுங்க. வாங்க, போலாம்" என்றாள் மலர், சொந்தத் தாத்தாவை அழைப்பதுபோல.

சட்டென்று எழுந்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

"வேணுங்கற அளவுக்குக் காட்டியாச்சுங்க."

பள்ளிக்கூடத்தில் ஈரத் துணியோடு உட்கார்ந்து கேட்டேன். "இவரு உள்ள இருக்கறது உனக்கு எப்படித் தெரியும் அம்மணி?"

"தெனமும் சந்தைக்குப் போகோணும்னு அவரு கத்தறதும், எந்தச் சந்தைன்னு நீங்க வையறதும் செவுத்துக்கு அந்தப் பக்கம் கேக்குமுங்க அம்மாயி. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அன்று அவள் தறிக்கு வேலைக்குப் போயிருந்தால், அந்தப் பூட்டை உடைக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

புதுப் பூட்டின் இரண்டு சாவிகளில் ஒன்று இப்போது மலர் வீட்டில் இருக்கிறது. பழைய பூட்டுக்கும் இரண்டு சாவிகள் இருந்தன. இரண்டாவதை மூன்று வருடமாக அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.