யாரும் அமுக்காத சிகப்பு பட்டன்

நீங்க சிரிப்பீங்கன்னு தெரியும், சிரிச்சுட்டுப் போங்க. பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போற ஆளு நானு. உச்சி வெயில்ல கருவேலங்காட்டுப் பக்கம் நிக்காதேம்பாக எங்க ஊர்ல, நான் அங்கதான் வண்டிய நிறுத்திப் போன் பேசுவேன். ஆனா இது சாமி சத்தியமா நடந்தது, அதுவும் பட்டப்பகல்ல.

எனக்கு எம்.ரெட்டியபட்டி. வீட்டுல இருந்தே கோயம்புத்தூர் கம்பெனி ஒண்ணுக்கு வேலை, மில்லு மெஷினுக்குள்ள இருக்குற சின்ன கம்ப்யூட்டர் போர்டுக்கு புரோகிராம் எழுதுறது. அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பஞ்சு மில்லுல, ஆபத்துன்னு சிகப்பு பட்டனை அமுக்குனா மெஷின் நிக்க நாலு செகண்டு ஆகுது, கை மாட்டுனா போச்சு. எங்க மதினி, அண்ணன் சம்சாரம், அந்த மெஷின்லதான் பஞ்சு தள்ளுறாக. அதை உடனே நிக்க வைக்கத்தான், போர்டை உள்ள இருந்து ஓட்டுற கெர்னலுக்கு ரியல்டைம் பேட்ச் போட்டேன், அவசர வேலையைத் தாமதிக்காம செய்ய வைக்கிற திருத்தம் அது. நிஜ போர்டு வந்து சேரல, அதனால லேப்டாப்புக்குள்ளயே போர்டு மாதிரி நடிக்கிற எமுலேட்டர்ல ஓட்டிப் பாத்தேன். அதுல பட்டனே கிடையாது பாத்துக்கோங்க, நான் கட்டளை அடிச்சாத்தான் அமுக்குன மாதிரி ஆகும்.

பன்னெண்டு மணி இருக்கும், கரண்டு போச்சு, நெட்டும் இல்ல, லேப்டாப்பு பேட்டரியில ஓடுது, வேர்த்து ஊத்துது. நடக்குறதை எல்லாம் வரி வரியா பதிஞ்சு வைக்கிற லாக்குல என்னமோ ஓடுதேன்னு பாத்தா, பட்டன், பட்டன், பட்டன்னு வரிசையா விழுது. நான் கீபோர்டைத் தொடவே இல்ல. படபடன்னு இருபது தடவை, பேட்ச் போட்டும் பழையபடி நாலு செகண்டு கழிச்சுத்தான் மெஷின் நின்னதுன்னு வருது. நான் எழுதி வச்ச டெஸ்ட்டு புரோகிராம் மெஷினைத் தானா திரும்பக் கிளப்புனா, உடனே பட்டனும் திரும்ப விழுது.

எங்க டீம் லீடு பிரபுவுக்குப் போன் போட்டேன். "எமுலேட்டர்ல நேரம் முன்னப்பின்னதான் காட்டும். டெஸ்ட்டுல அந்த பட்டன் வராம அடைச்சுட்டு, பேட்ச்சைச் சாயங்காலத்துக்குள்ள அனுப்பு, இல்லாட்டி வேற வேலை பாத்துக்க"ன்னு வச்சுட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துல, சனியன் ஒழியட்டும்னு பட்டனை அடைச்சேன், எமுலேட்டரையும் நிப்பாட்டி வச்சுட்டுச் சாப்பிடப் போனேன்.

மதினிக்கு அன்னைக்கு லீவு, அவுகதான் சோறு போட்டாக. அந்த பட்டனை எப்படி அமுக்குவீகன்னு சும்மா கேட்டேன்.

"ஒரு தடவை அமுக்குனா நிக்குமா அது? நிக்குற வரைக்கும் போட்டு அமுக்கிக்கிட்டேதான் கெடப்போம். நீங்க ஏன் கேக்க மாட்டீக தம்பி, ஒங்க கையவா உள்ள விடுறீக?"ன்னு சுள்ளுன்னு விழுந்தாக.

பாதிச் சோத்துல எந்திரிச்சேன். போய்ப் பாத்தா எமுலேட்டர் நிப்பாட்டுனபடியேதான் நிக்குது, லாக்கு மட்டும் வளந்துக்கிட்டே போகுது. நிறுத்தி வச்ச போர்டுல, அடைச்சு வச்ச பட்டன்ல! நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. வர வர வேகமா, என்னைய அடிக்க வார மாதிரி விழுந்துச்சு.

அடைச்சதை எடுத்துட்டு முதல்ல இருந்து தேடுனேன். பேட்ச் போட்டதும் பட்டனைக் கவனிக்கிற வேலை தனியா வரிசையில போய் நிக்கும், மோட்டாரைச் சுத்த வைக்கிற வேலைக்கு அதைவிட முன்னுரிமை குடுத்து வச்சிருக்கேன் நானு. மோட்டார் வழிவிட்டாத்தான் பட்டன் சொல்லுறது எடுபடும். முழுக்க என் தப்பு. எமுலேட்டர் மேல பழியப் போட்டு அனுப்பியிருந்தா மதினி கையி என்னத்துக்கு ஆகும், நினைச்சாலே கூசுது.

மாத்திட்டு ஓட்டுனேன். நான் கட்டளை எதுவும் அடிக்கல, தானா ஒரே ஒரு அமுக்குதான் வந்துச்சு, கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள மெஷின் நின்னுச்சு.

பிரபுகிட்ட நடந்ததைச் சொன்னா, "தப்பு பண்ணுனது நீ, பழி பேய்க்கா?"ன்னான். அடுத்த வேலையில இருந்து என்னைத் தூக்கிட்டான், கெடக்கான் விடுங்க. போர்டு இப்ப மில்லுல ஓடுது, தொட்டதும் நிக்குதுங்காக மதினி.

ஏதோ ஒண்ணு உதவி கேட்டுச்சுன்னு சொல்லி மனசைத் தேத்திக்கலாம். ஆனா அன்னைக்கு அந்த அமுக்குல இருந்தது கோவம், என் மேல கோவம். அந்த லாக்கை அழிக்கவும் மனசில்ல, வச்சிருக்கவும் தைரியமில்ல. அதுல பட்டனை அமுக்குனா ஒரு வரி, கையை எடுத்தா ஒரு வரி விழும். எல்லா அமுக்குக்கும் அந்த ரெண்டாவது வரி இருக்கு. மெஷின் உடனே நின்னுச்சே, அந்தக் கடைசி அமுக்குக்கு மட்டும் இல்ல. அமுக்குன கை இன்னும் எடுக்கல.