வேலியில் கசிந்த இரைச்சல்

ஏலப்பாறைக்கு மேலே தேயிலை எஸ்டேட் சரிவில் நான்கு கம்பங்கள் நட்டு, அவற்றுக்கு நடுவே செம்புக்கம்பி கட்டியிருக்கும். துணி காயப்போடும் கொடி என்று நினைத்து ஒருமுறை யாரோ கம்பளியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அது டின்சியின் ஆன்டெனா. வியாழன் கோளிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிப்பதற்காக வைத்தது.

டின்சிக்கு முப்பத்தெட்டு வயது. வண்டிப்பெரியார்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் கெஸ்ட் லெக்சரர், நிரந்தரமில்லாத வேலை. பதினோரு வருடமாக அதே கெஸ்ட்தான். ஆன்டெனாவைத் தொடங்கிய பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனதும், கருவிகளை ஸ்டோர் ரூமில் போடச் சொன்னார்கள். அவள் அவற்றை ஜீப்பில் ஏற்றி, தன் தாய் மதலேனம்மாள் கொழுந்து கிள்ளிய எஸ்டேட்டுக்கே கொண்டுவந்தாள். மேனேஜரிடம் கேட்டு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இடம் வாங்கினாள். டவுனின் மின்சார இரைச்சல் அங்கே எட்டாது.

வியாழனுக்கு அயோ என்று ஒரு நிலா உண்டு. அது குறிப்பிட்ட சில இடங்களுக்கு வரும்போது, கோளின் காந்தப்புலத்தில் மின்னோட்டம் பாய்ந்து ரேடியோ அலைகள் கிளம்பும். எந்த நேரத்தில் வரலாம் என்று கணக்குப் போடலாம். வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே காத்திருக்க வேண்டும். ஐந்து வருடத்தில் பதினான்கு முறை அவளுக்குத் தெளிவாகக் கிடைத்தது. மற்ற நாட்களில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டு பஸ் பிடிக்க ஓடுவாள். ஒன்றுமில்லை என்பதும் ஒரு பதிவுதான் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். சொல்வது சுலபம்.

இந்த மழைக்காலத்தில் பதிவு முழுக்க ஒரு சத்தம் புகுந்தது. நொடிக்கொரு தடவை டிக், டிக் என்று. மூன்று வாரம் கருவியைப் பிரித்துப் பிரித்துப் பூட்டினாள். கடைசியில்தான் உறைத்தது: யானையைத் தடுக்கப் புதிதாகப் போட்ட சோலார் மின்வேலி.

வேலிக்காவலர் பிச்சைமணியிடம் போய், விடியற்காலையில் ஒரு மணி நேரம் மட்டும் அணைத்துவைக்க முடியுமா என்று கேட்டாள். அவர் மூன்றாம் லயத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

“போன மாசந்தான் மூணாம் லயத்துச் சுவர ஆன தள்ளுச்சு டீச்சரே. உள்ள புள்ளைக படுத்திருந்துச்சு. அணைக்கச் சொல்லாதீக.”

அவள் தலைகுனிந்து வந்துவிட்டாள். கேட்டதே வெட்கமாக இருந்தது. ஆன்டெனாவைக் கழற்றிவிடலாம் என்றுகூட அன்று நினைத்தாள். அதைக் கழற்றும் தெம்பும் உடம்பில் இல்லை.

இரண்டு நாள் கழித்து வேறொன்று தோன்றியது. ஒழுங்காக இருக்கும் வேலி இவ்வளவு சத்தம் போடாது. எங்கோ கொடி படர்ந்து கம்பியைத் தொடுகிறது. மின்சாரம் அங்கே பொறியாகக் கசிகிறது. அப்படியானால் வேலியில் வலுவும் குறைந்திருக்கும். இதைச் சொன்னதும் பிச்சைமணி அரிவாளை எடுத்துக்கொண்டார்.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்ததும் வேலியை அணைத்து அணைத்துப் போட்டபடி இருவரும் நடந்தார்கள். அவள் கையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். எங்கே டிக் சத்தம் பெருகுகிறதோ அங்கே அவள் நிற்க, அவர் அணைத்துவிட்டு வந்து கொடியை அறுப்பார். அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். முழுவதும் முடிய நான்கு ஞாயிறு ஆனது. முதலில் வெட்டிய இடத்தில் அதற்குள் மறுபடி தளிர் விட்டிருந்தது.

நவம்பரில் ஒரு விடியற்காலை வேலி ஓடிக்கொண்டிருந்தது. டிக் சத்தம் இல்லை. நாலே முக்காலுக்கு, லயத்து அறையில் கருவியோடு வைத்திருந்த ஸ்பீக்கரில் மெல்ல ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது. திரும்ப எழுந்தது. வேளாங்கண்ணியில் ஒரே ஒருமுறை அவள் கேட்ட கடல்போல இருந்தது. காவல் முடிந்து வந்த பிச்சைமணி வாசலிலேயே நின்றார்.

“இது எங்கருந்து வருது?”

“வியாழன்லருந்து. கெளம்பி முக்கா மணி நேரம் இருக்கும்.”

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, கீழ்ப்பக்கம் இரண்டு இடத்தில் கொடி ஏறுகிறது, இந்த ஞாயிறு வருவீர்களா என்றார். வருகிறேன் என்றாள்.

பதிவைப் பல நாடுகளிலும் இதே வேலை செய்கிறவர்களின் குழுவுக்கு அனுப்பிவிட்டு, ஏழு மணி பஸ்ஸில் ஏறினாள். முதல் வகுப்பை அவசரமே இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தே எடுத்தாள். அவள் அப்படி உட்கார்ந்து பாடம் எடுத்து அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை.