முதல் கோரிலிருந்து

அலுவலகத்தில் அவருக்கு 'வேகம்' என்று பெயர். அதை வைத்தவரும் அவரேதான் என்பது மைத்துனிக்குத் தெரியும். வேறு யாருக்கும் அப்படியொரு பெயர் தோன்றியிருக்காது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மனிதர் நல்ல நேரம் பார்ப்பார்.

நூற்றுக்கணக்கான கணினிகளை ஒன்றாகப் பூட்டிய கிளஸ்டர் அவர் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் கணக்குப் போடும் கோர்கள் வரிசையாக இருக்கும். யாருடைய வேலையின் எந்தத் துண்டு எந்தக் கோரில் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் எழுதிய ஸ்கிரிப்ட் என்கிற சின்ன ப்ரோக்ராம். அதை மாற்றும் உரிமை அவருக்கு மட்டும்தான். அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

மைத்துனி அதே இடத்தில் ஆற்று வெள்ளத்தைக் கணிக்கும் ஆய்வாளர். தற்காலிக வேலை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் முழு ஆற்றுக்குமான முடிவைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுடைய ப்ரோக்ராமோ நகருவேனா என்றது.

"அத்தான், ஒரு தடவை என்னன்னு பாருங்களேன்."

"பார்க்க என்னம்மா இருக்கு? நீ எழுதுன லட்சணம் அது. மெஷினைக் குறை சொல்லாத."

இதையே வீட்டில் சாப்பிடும்போதும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். "அவர் சொன்னா சரியாத்தான்டி இருக்கும்" என்றாள் அக்கா. தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் தன் வேலை ஓடிய கணினிக்குள் அவளே நுழைந்து பார்த்தாள். வேறொருவருடைய வேலையும் அதிலேயே ஓடியது. அத்தானின் ஸ்கிரிப்ட் யார் வந்தாலும் முதல் கோரிலிருந்துதான் உட்கார வைக்கும். அங்கே ஏற்கெனவே ஆள் இருக்கிறதா என்று பார்க்காது. இரண்டு வேலைகளும் ஒரே இடத்தில் முட்டி மோதிக்கொண்டிருக்க, மீதிப் பாதிக் கோர்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன. மகானுபாவர் ஸ்கிரிப்டை எழுதிச் சோதனை செய்தபோது முழுக் கணினியையும் தனக்கே ஒதுக்கி வைத்திருந்தார். ஒற்றை ஆளுக்கு அது பறக்காமல் என்ன செய்யும்?

அவரைக் கூட்டிவந்து திரையைக் காட்டினாள். அவருக்குக் காது மடல் சிவந்தது.

"ம், பார்க்கலாம்" என்று போய்விட்டார்.

பார்க்கவில்லை. உடனே திருத்தினால் தப்பு தன்னுடையது என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! திங்கட்கிழமை அவள் பாதி ஆற்றை வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாள். மாலைக்குள் வேலை போயிற்று.

அதன் பிறகு சாவகாசமாக ஸ்கிரிப்டைத் திருத்தி, புதிய முறையால் கிளஸ்டரின் வேகத்தையே கூட்டிவிட்டதாக எல்லோருக்கும் மெயில் அனுப்பினார். பாராட்டுகள் குவிந்தன. வீட்டிலும் அதே பேச்சு.

"உன் ப்ரோக்ராமையும் ஓட்டிப் பார்த்தேம்மா. முழு ஆறும் ஜம்முனு வந்துடுச்சு" என்றார் சாப்பிட்டுக்கொண்டே. "என் ட்யூனிங்குக்கு உதாரணமா அதைத்தான் அடுத்த கூட்டத்துல காட்டப் போறேன்."

"யார் எழுதுனதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க அத்தான்?"

"பேர்ல என்னம்மா இருக்கு? நம்ம வீட்டுப் பொண்ணுதானே நீ."

அவளுக்கு அழுகை வரவில்லை. இந்த ஆளுக்குப் பயந்தா இத்தனை வருஷம் குரலைத் தாழ்த்திப் பேசினோம் என்று அருவருப்பாக இருந்தது.

"அந்தக் கூட்டத்துக்கு வெளி ஆட்களும் வரலாமில்ல?" என்று கேட்டாள்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார்.