கொடித்துணிச் சோதனை

மேசைமேல் இரண்டு திரைகள், பக்கத்து முக்காலியில் ஒரு மடிக்கணினி. மூன்றிலும் ஒரே வீடு. மூன்று வீட்டுக்குப் பின்புறமும் கொடி கட்டி, அதே நீலச் சட்டையும் அதே வெள்ளைப் போர்வையும் காய்கின்றன. “மழை வரட்டும், யாரு ஓடுறான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டு, ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறார் தராசு அக்கா.

மனிதர்களைப் படைத்து, வீடு கட்டிக் குடிவைத்து, வேலைக்கு அனுப்பி, சண்டை போடவைத்து, சமாதானம் செய்கிற கணினி விளையாட்டு அது. அதில் வெற்றி தோல்வி கிடையாது. சம்சாரம்தான். சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப் பாகம் வரும். ஒவ்வொரு பாகத்துக்கும் மழை வெயிலுக்கு ஒன்று, நாய் பூனைக்கு ஒன்று, கடை கண்ணி வைக்க ஒன்று என்று தனித்தனியாகக் காசு கேட்டு இணைப்புகள் வரும். ஆடுகிறவர்கள் அதை ‘பேக்’ என்பார்கள். ஐந்தாம் பாகத்து மழை பேக் இரண்டாம் பாகத்து மழை பேக்கைவிட உசத்தியா, மட்டமா? உலகத்தில் இதைவிடப் பெரிய கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும் சனிக்கிழமை மாலையானால் இதற்குப் பதில் கேட்க ஒரு பெருங்கூட்டம் இணையத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அக்கா நேரலையில் வந்து சொன்னால்தான் பலர் பையில் கையையே விடுவார்கள்.

பகலில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “ஒண்ணா, ரெண்டா? எது தெளிவா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இருபது வருடமாக இதைக் கேட்ட வாய் வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? ஒரு விருந்துக்குக் கிளம்பும்போது, எந்தச் சட்டை எடுப்பாக இருக்கிறது என்று கணவர் தெரியாத்தனமாகக் கேட்டுத் தொலைத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருதரம், விளக்கு வெளிச்சத்தில் ஒருதரம் என்று மாற்றிப் போடவைத்துப் பார்த்து முடிப்பதற்குள் அங்கே எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். கொழுந்தன் அன்றைக்குக் கேலியாக வைத்த பெயர்தான் தராசு. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. அதையே தன் நிகழ்ச்சிக்கும் பெயராக வைத்துவிட்டார்.

கடைக்கு வருகிறவர்களில் சிலர், பலகையில் உள்ள எழுத்துகளை வெளியிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. பலகையைத் திருப்பிவிட்டு, “பொய் சொல்லிக் கண்ணாடி வாங்கிட்டுப் போனா தலைவலி எனக்கா, உனக்கா?” என்பார். பேக்குகளிடமும் அதே கறார்தான். விளம்பரத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஒவ்வொரு பாகத்திலும் ஒரே குடும்பத்தைப் படைப்பார்: சோம்பேறிப் புருஷன் (யாரைப் பார்த்துச் செய்தது என்று கேட்டால் கணவர் எழுந்து போய்விடுவார்), பரபரவென்று ஒரு மனைவி, ஒரு குழந்தை. நாய் பேக் என்றால், எஜமான் வரத் தாமதமானால் நாய் வாசலில் போய்ப் படுக்கிறதா என்று பார்ப்பார். மழை பேக் என்றால் கொடித்துணி.

இரண்டாம் பாகத்து மனைவி முதல் தூறலிலேயே கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். போகிற போக்கில் புருஷனையும் இழுத்துக்கொண்டு போவாள். மூன்றாம் பாகத்துக்காரி ஓடுவாள், போர்வையை மறந்துவிடுவாள். நான்காம் பாகத்தில் கொடியே கிடையாது. “அதுல எல்லாரும் துணி துவைக்காமயே காலத்தை ஓட்டிட்டாங்க” என்பது அக்காவின் தீர்ப்பு. இப்போது வந்திருக்கும் ஐந்தாம் பாகத்திலோ மனைவி அழகாக ஒரு குடையை எடுக்கிறாள், அதைவிட அழகாக விரிக்கிறாள், கொடிக்கு நேரே போய் நின்று துணி நனைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா முதலில் இதைப் பார்த்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். “சனிக்கிழமை இருக்கு கச்சேரி” என்று இணையத்திலும் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். வேறு ஊரில் கணினி வேலை. என்ன வேலை என்று கேட்டால், சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்பாள். அன்று சாப்பாட்டுத் தட்டைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “அந்த மழை பேக்குல, மழை வந்தா வீட்ல இருக்கறவங்க என்ன செய்வாங்கங்கறது பூரா நான் செஞ்சதும்மா. என்னோட முதல் வேலை.”

அக்காவின் கை தட்டில் அப்படியே நின்றது. “குடை?” என்றார்.

“குடையும் நான்தான்.”

விஷயம் அதோடு முடியவில்லை. மகளின் பயிற்சிக் காலம் முடிகிறது. திங்கட்கிழமை கூட்டத்தில் அவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று பேசுவார்கள். ஆடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் பேசுவார்களாம். அக்கா பேசுவதை யாரோ ஒரு புண்ணியவான் மொழிபெயர்த்துப் போட, அதை மேலதிகாரியும் விடாமல் பார்க்கிறாராம். “இந்த ஒரு பேக்கை மட்டும் விட்டுடும்மா” என்றாள் மகள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, நாலு நல்ல வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று கணவர் மெல்ல ஆரம்பித்தார். “பொன் குஞ்சுதாங்க. அதுக்காகக் கொக்குன்னு சொல்ல முடியுமா?” என்றார் அக்கா. சொன்ன பிறகு மகள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கடையில் ஒரு பெரியவர், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது என்றார். எப்போதும் பத்துத் தரம் கேட்கிற அக்கா, சரி என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்புறம் நெஞ்சு கேட்காமல் தெருமுனை வரை ஓடிப்போய் அவரைத் திரும்பக் கூட்டிவந்தார். மதியமே அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாம் பாகத்தில் மழையை வரவழைத்தார். கொடியை வாசலருகே இழுத்துக் கட்டிப் பார்த்தார். மனைவியின் குணத்தை மாற்றி, தூசு பட்டாலே துடிக்கிறவளாக ஆக்கிப் பார்த்தார். புருஷனைக்கூடச் சுறுசுறுப்பாக்கினார். ஓடுடி, ஒரே ஒரு தடவை ஓடிடு தாயே என்று திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்டார். அவள் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். கதவுக்கு வெளியே இருந்த மகளுக்கு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நின்றது, பெய்தது, மறுபடி நின்றது. அம்மா எதற்காக இத்தனை தரம் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

மாலை நேரலை. பார்க்கிறவர்கள் எழுதி அனுப்பும் கருத்துகளைக் கணவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வார். அக்காவின் சட்டம் அது: புகழ்ந்தாலும் திட்டினாலும் ஒன்றுவிடாமல், ஒரே குரலில் படிக்க வேண்டும். அன்று மகள் வந்து, “நீங்க போங்கப்பா, நான் படிக்கறேன்” என்று காமிராவில் விழாத ஓரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல அக்கா வாயெடுத்தார். அதற்குள் காமிராவின் விளக்கு எரிந்துவிட்டது.

மூன்று திரையிலும் மழை பெய்தது. இரண்டாம் பாகத்தில் ஓடினார்கள், மூன்றாம் பாகத்தில் ஓடினார்கள், ஐந்தில் குடை விரிந்தது. ‘ஒண்ணா, ரெண்டா, சொல்லுங்கக்கா’ என்று வந்ததை மகள் படித்தாள். அக்கா தண்ணீர் குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் இரண்டு நிமிடத்தில் அடுத்த பேக்குக்குப் போய்விடலாம். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

“மழை ரொம்ப அழகு” என்றார். “இவ்வளவு அழகான மழை எந்தப் பாகத்துலயும் நான் பாத்ததில்ல. குடை விரிக்கற கையைப் பாருங்க, அவ்ளோ நிஜம். ஆனா துணி நனையுது. வீட்ல இருக்கறவ அதைப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டா. அது தெரியாம செஞ்சிருக்காங்க. ரெண்டாம் பாகம்தான்.”

கொட்டித் தீர்த்தார்கள். சிரிப்பவர்கள், காசைத் திருப்பிக் கேட்பவர்கள், செய்தவரின் வீட்டில் கொடியே இருக்காது என்கிறவர்கள். மகள் ஒவ்வொன்றாகப் படித்தாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. “சரி, போதும்” என்றார் அக்கா. மகள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “‘இதைச் செஞ்சவங்களை முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க’” என்று படித்தாள். அதையும் அதே குரலில்தான் படித்தாள். பிறகு கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

அக்கா காமிராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அடுத்து நாய் பேக்” என்று தொடங்கினார். இடது கை மட்டும் மேசைக்கடியில் நீண்டு, மகளின் சட்டைக் கையை எட்டிப் பிடித்தது. மகள் ஒருதரம் உருவிப் பார்த்தாள். பிடி இறுகியது. சற்று நேரம் நின்றாள், அப்புறம் உட்கார்ந்தாள். அக்காவின் இடது கைக்கு இன்றைக்கு என்ன ஆச்சு என்று பார்க்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்று மிச்ச நிகழ்ச்சி முழுவதையும் அவர் ஒரே கையால்தான் ஓட்டினார்.