லூசியன் பிடித்துக்கொண்ட கதவு

சிலம்பரசனுக்கு லூசியன்மீது பொறாமை. சுற்றி வளைப்பானேன், வயிறு எரியும் அளவுக்குப் பொறாமை. போலகத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து, காரைக்கால் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் கணிதம் நடத்துகிறவர் அவர். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் அந்தக் கௌரவமும். தலைமுடி கறுப்பாக இருந்தபோது சேர்ந்தவர். இன்னும் அதே ஒப்பந்தம்தான்.

லூசியன் அதே துறைக்குப் போன வருடம் வந்த பையன். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை, படிப்பு பாரீஸில். வந்த உடனே நிரந்தர வேலை. அதைக்கூடச் சிலம்பரசன் ஒருவாறு விழுங்கிக்கொண்டார். செல்போன் செயலி வந்த பிறகுதான் தொண்டையில் சிக்கியது.

வளாகத்தில் சாவி, அடையாள அட்டை எல்லாம் போய், செயலியைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். லூசியன் போனை நீட்டினால் பச்சை வட்டம் வரும், துறைக் கதவு திறந்துகொள்ளும். சிலம்பரசன் நீட்டினால் சிவப்பு. 'பார்வையாளர்' என்று எழுத்து வேறு. கணினிப் பிரிவில் இருக்கும் உமாமகேஸ்வரியிடம் போய்க் கேட்டார். ஒப்பந்த ஆட்களுக்கு வெளிக் கேட் மட்டும்தான் என்று மேலே முடிவு பண்ணியிருக்கிறார்கள், தன் கையில் எதுவுமில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். வருகைப் பதிவு இயந்திரமோ துறைக் கதவுக்கு உள்ளே இருக்கிறது. நேரத்துக்கு விரல் வைக்காவிட்டால் தாமதம். தாமதம் சேர்ந்தால் ஒப்பந்தம் போச்சு.

ஆகவே தினமும் காலையில் கதவோரம் நிற்பார். லூசியன் வந்து திறந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மொதல்ல போங்க சார்" என்பான். அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திமிராக இருந்தாலாவது திட்டலாம்.

ஒருநாள் மாலை லூசியன் அதே கதவைப் பிடித்துக்கொண்டு மாணவர் கூட்டத்தையே உள்ளே விட்டான். ஒரே சிரிப்பும் கும்மாளமும். சிலம்பரசனின் வகுப்பில் கொட்டாவி விடுகிற பிரதீபாகூட அங்கே பலகை முன்னால் நின்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்த அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செயலியில் 'உங்கள் அனுபவம் எப்படி?' என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. பெயர் போட வேண்டாம். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, சிலர் தங்கள் போனால் கதவைத் திறந்து கண்டவர்களையும் உள்ளே விடுகிறார்கள், இது பாதுகாப்புக்குக் கேடு என்று எழுதி அனுப்பினார். அன்றைக்குச் சோறு ருசியாக இறங்கியது.

அடுத்த வாரம் அடைமழை. சிலம்பரசன் நனைந்தபடி கதவோரம் நின்றார். லூசியன் வந்தான், போனை எடுத்தான், நீட்டாமல் தயங்கினான்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. ஆப்புல யாரோ கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்க. இனிமே கூடவே யாரையாச்சும் உள்ள விட்டா ரெண்டு பேரு வேலைக்கும் ஆபத்துன்னு சர்க்குலர் வந்திருக்கு."

சிலம்பரசன், யார் எழுதியதாம் என்று மெல்லக் கேட்டார்.

"பேரு இல்லைங்க சார். யாரா இருந்தாலும், உங்களப் பத்திக் கொஞ்சம்கூட யோசிக்கல பாருங்க. நில்லுங்க, நான் ஹெச்.ஓ.டி.கிட்ட பேசிட்டு வர்றேன்."

தன் குடையை அவர் கையில் திணித்துவிட்டு லூசியன் உள்ளே போனான். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வருகைப் பதிவு இயந்திரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சிலம்பரசன் குடையை நிமிர்ந்து பார்த்தார். எந்தக் காற்றுக்கும் மடங்காத வெளிநாட்டுக் குடை. அதைப் பார்த்தும் வயிறு எரிந்தது.